சுகமாயிருக்கும்போதே சேருங்கள்

(சபை ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்சூரன்ஸைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், ஆண்டு விழாவில் இதையா என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். மருத்துவமனை வார்டில் நிற்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. நோயைவிட பில்லுக்கு அதிகமாகப் பயந்து, தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்கள், இன்சுலினைக் குறைத்துப் போட்டுக்கொள்கிறவர்கள், நெஞ்சுவலியை வாயுப்பிடிப்பு என்று வீட்டிலேயே அடக்கிப் பார்த்தவர்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. அமெரிக்க மாநிலங்களில் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் டெக்சஸில்தான் பல வருடங்களாக மிக அதிகம்.

நான் நர்ஸிங் படித்தது ஊரில். அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும்போதே கவுண்டரில் பணம் கட்டச் சொல்லுவார்கள். கஷ்டம்தான், ஆனால் எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். இங்கே வைத்தியம் முதலில் நடக்கும், பில் பல வாரம் கழித்துத் தபாலில் வரும். ஆகவே ஊர்ப் பழக்கத்தில், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இங்கே இருக்க முடியாது.

இன்றைக்கு இந்த நாட்டில் இருக்கிற மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு முக்கியமான வித்து விழுந்தது எங்கே தெரியுமா? இர்விங்கிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய டாலஸில், பாப்டிஸ்ட் சபையார் ஏற்படுத்திய பேலர் மருத்துவமனையில். 1929-ஆம் ஆண்டு அதன் பொறுப்புக்கு வந்தவர் ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல். அதற்கு முன் டாலஸ் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்தவர். மருத்துவமனையின் வராத பாக்கிகளைப் புரட்டிப் பார்த்தால், தமக்குத் தெரிந்த ஆசிரியர்களின் பெயர்களே நிறைய இருந்தன. சம்பளம் குறைவு, பில்லைக் கட்ட வழியில்லை.

அவர் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு ஆசிரியரும் மாதம் 50 சென்ட் கட்ட வேண்டும். அதாவது வருடத்துக்கு 6 டாலர். நோய் வந்தால் வருடத்தில் 21 நாள் வரைக்கும் பேலரில் படுத்து வைத்தியம் பெறலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் சேர்ந்தால்தான் திட்டம் நடக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பின்னாளில் புளூ கிராஸ் என்ற பெயரில் நாடெங்கும் பரவிய திட்டங்களுக்கு இதுவே முன்னோடி.

முக்கால்வாசிப் பேர் ஏன்? பிள்ளைகளே, இது உங்களுக்கான கணக்கு. உங்கள் வகுப்பில் 20 பேர். யாராவது ஒருவருடைய சைக்கிள் உடைந்தால் சரிசெய்ய 100 டாலர் ஆகும். யாருடையது உடையும் என்று யாருக்கும் தெரியாது. 20 பேரும் ஆளுக்கு 5 டாலர் போட்டு வைத்தால் போதும். ஆனால் ஒரு தம்பி, "என் சைக்கிள் உடைந்த பிறகு சேர்கிறேன்" என்கிறான். எல்லாரும் அப்படியே சொன்னால் பெட்டியில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. காப்பீட்டில் சேர வருடத்தில் குறிப்பிட்ட நாட்களை மட்டும் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

"விசுவாசிக்கு இன்சூரன்ஸ் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. யோசேப்பு எகிப்தில் என்ன செய்தார்? பஞ்சம் வருவதற்கு முன், விளைச்சல் நிறைந்த ஏழு வருடமும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று நாம் சொல்வோமா? சுகமாயிருக்கிற வருடத்தில் எடுத்து வைப்பது தேவன் கொடுத்த புத்தியைப் பயன்படுத்துவதே.

இனி காரியத்துக்கு வருவோம். மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எங்கே தேடுவது?

கம்பெனி மூலம் காப்பீடு இருந்தால் பெரும்பாலும் அதுவே மலிவு, ஏனென்றால் கட்டணத்தில் ஒரு பங்கைக் கம்பெனி கட்டுகிறது. கணவன், மனைவி இருவருக்கும் வேலை இருந்தால் இரண்டு கம்பெனிகளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் 26 வயது வரைக்கும் பெற்றோரின் திட்டத்தில் இருக்கலாம்.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள், ஒப்பந்த வேலை பார்க்கிறவர்கள், வேலை போனவர்கள் பார்க்க வேண்டிய இடம் ஹெல்த்கேர் டாட் கவ் என்ற மத்திய அரசின் மார்க்கெட்பிளேஸ். பெயர்கூடக் கொடுக்காமல் ஜிப் கோடு, வயது, வருமானம் மட்டும் போட்டு விலை பார்க்கலாம். கடைசியில் "கவ்" என்று முடிகிறதா என்று கவனியுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் வேறு தளங்களும் உண்டு. அதில் விற்கும் திட்டங்கள் உங்களுக்கு ஏற்கெனவே சர்க்கரை, பிரஷர் இருக்கிறது என்று மறுக்க முடியாது, கூடுதல் பணமும் கேட்க முடியாது.

வருமானத்தைப் பார்த்து மாதக் கட்டணத்தில் அரசு உதவி உண்டு. கம்பெனி கட்டுப்படியாகும் காப்பீடு கொடுத்தால் அந்த உதவி கிடைக்காது. ஆனால் 2023 முதல் குடும்பத்தாருக்கு ஆகும் விலையைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். வேலை செய்கிறவருக்கு மட்டும் மலிவு, மனைவி மக்களைச் சேர்த்தால் தாங்காது என்றால், அவர்களுக்கு மட்டும் மார்க்கெட்பிளேஸில் உதவியோடு எடுக்க முடியலாம். விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021-இல் சட்டம் போட்டுக் கூட்டிய உதவித்தொகை 2025 முடிய என்றே வைத்திருந்தார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2027 முதல் எச்-1பி, எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு இந்த உதவி கிடையாது. ஆகவே போன வருட விலையை நம்பாமல், ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பாருங்கள்.

வருமானம் குறைந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு டெக்சஸில் மெடிக்கெய்டு, சிப் என்ற இரண்டு திட்டங்கள் உண்டு. வருடத்தில் எந்த நாளும் மனுப் போடலாம். 2-1-1 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்லுவார்கள். ஆனால் ஏழைப் பெரியவர்களுக்கு மெடிக்கெய்டை விரிவாக்காத மாநிலங்களில் டெக்சஸும் ஒன்று. அதனால் தாய் தகப்பனுக்குக் கிடைக்காததால் பிள்ளைக்கும் கிடைக்காது என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, எப்படித் தேர்ந்தெடுப்பது?

எல்லாரும் முதலில் பார்ப்பது மாதப் பிரீமியம். நான் பார்க்கச் சொல்வது, நோய் வந்த வருடத்தில் மொத்தம் எவ்வளவு என்பதை. டிடக்டிபிள் என்பது காப்பீடு கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாம் கட்டும் தொகை. அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம் என்பது, நெட்வொர்க்குக்குள் வைத்தியம் பார்த்தால் ஒரு வருடத்தில் நம் கையை விட்டுப் போகக்கூடிய உச்சத் தொகை. அதற்கு மேல் காப்பீடு கட்டும். 2025-ஆம் ஆண்டுக்கு அந்த உச்சத்துக்குச் சட்டம் வைத்த எல்லை தனி ஆளுக்கு 9,200 டாலர், குடும்பத்துக்கு 18,400 டாலர்.

கணக்குக்காக இரண்டு திட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் மாதம் 500, உச்சம் 9,000. மற்றதில் மாதம் 650, உச்சம் 5,000. சுகமான வருடத்தில் முதலாவதற்கு 6,000, இரண்டாவதற்கு 7,800 டாலர். பெரிய ஆபரேஷன் வந்த வருடத்தில் முதலாவதற்கு 15,000, இரண்டாவதற்கு 12,800. வீட்டில் நாள்பட்ட நோயாளி உண்டா, பிரசவம் எதிர்பார்க்கிறீர்களா? அப்படியானால் மலிவாகத் தெரிகிற முதல் திட்டமே உங்களுக்கு விலை கூடினது. எல்லாரும் திடகாத்திரமாயிருந்து, அந்த உச்சத் தொகைக்குக் கையில் சேமிப்பும் இருந்தால் முதலாவதை யோசிக்கலாம்.

அடுத்து, உங்கள் டாக்டர், பக்கத்து மருத்துவமனை, தினமும் சாப்பிடும் மாத்திரை மூன்றும் அந்தத் திட்டத்தில் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். டாக்டர் ஆபீசுக்கும் போன் போட்டு உறுதி செய்யுங்கள். தடுப்பூசி, மேமோகிராம், பிரஷர் பரிசோதனை போன்றவற்றை இந்தத் திட்டங்களில் நெட்வொர்க் டாக்டரிடம் தனிக் காசு கொடுக்காமல் செய்துகொள்ளலாம். அக்காமார்களே, அம்மாமார்களே, அதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, எந்த நாளுக்குள்?

மார்க்கெட்பிளேஸ் நவம்பர் 1-ஆம் தேதி திறக்கும். டிசம்பர் 15-க்குள் சேர்ந்தால் ஜனவரி 1 முதல் காப்பீடு உண்டு. வேலை போய்க் காப்பீடு நின்றால், இடையிலேயே சேர 60 நாள் தருகிறார்கள். துணைவரின் கம்பெனித் திட்டத்தில் சேர்வதற்குப் பொதுவாக 30 நாள்தான். குழந்தை பிறந்தாலும் கம்பெனித் திட்டத்தில் 30 நாளுக்குள் பெயரைச் சேருங்கள். ஞானஸ்நானம் என்று நாள் ஓடிவிடும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் இருந்தால் கோப்ரா என்ற வழியும் உண்டு. பழைய காப்பீட்டையே, கம்பெனியின் பங்கையும் சேர்த்து நாமே கட்டி, பொதுவாக 18 மாதம் வரைக்கும் தொடரலாம். விலை அதிகம். ஆனால் தீர்மானிக்க 60 நாள் உண்டு, காப்பீடு நின்ற நாளிலிருந்தே அது செல்லும். இடையில் விபத்து நேர்ந்தால், பிந்திய பிரீமியத்தையும் கட்டிக் கோப்ராவை எடுத்துக்கொள்ளலாம். எச்-1பி விசாவுக்கு உள்ள 60 நாள் அவகாசம் வேறு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகக் காலண்டரில் எழுதுங்கள்.

இப்போது ஒரு எச்சரிப்பு. கிறிஸ்தவப் பெயரில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகள் சில இருக்கின்றன. மாதத் தொகை குறைவு என்பதால் நம் சபைகளிலும் பேச்சு அடிபடுகிறது. உதவி பெற்றவர்களும் உண்டு. ஆனால் டெக்சஸ் சட்டத்தின்படி அது காப்பீடு அல்ல. பில்லைக் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஏற்கெனவே உள்ள நோயை விலக்கவும் செய்யலாம். கிம்பல் ஐயா ஆசிரியர்களுக்குக் கொடுத்தது 21 நாள் என்ற எழுத்து மூலமான வாக்கு. நீங்கள் எதில் சேர்ந்தாலும் "கட்டுவோம் என்று எழுதிக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். ஷார்ட் டெர்ம் திட்டங்களிலும், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸிலும் பழைய நோயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் அந்தப் பக்கத்தை வாசியுங்கள்.

காப்பீடே இல்லாத நிலையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உயிருக்கு ஆபத்து என்றால் 911-ஐ அழையுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எமர்ஜென்சியில் வருகிறவரைப் பணம் இல்லை என்று பார்க்காமல் அனுப்பக் கூடாது. பில் பின்னால் வரும். வந்ததும் பயந்து கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு செலவும் தனித்தனியாக எழுதிய பில்லைக் கேளுங்கள். லாப நோக்கமில்லாத மருத்துவமனைகள் ஏழைகளுக்கு உதவும் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். முதல் பில் வந்து 240 நாள் வரைக்கும் அதற்கு மனுப் போடலாம். டாலஸ் கவுண்டியின் பொது மருத்துவமனையான பார்க்லேண்டுக்கு நம் இர்விங்கிலேயே கிளினிக் உண்டு. கவுண்டியில் குடியிருக்கும், காப்பீடு இல்லாதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துச் சலுகை தருகிறார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்துவதற்கு முன் அங்கே போய்க் கேளுங்கள்.

கடைசியாக, இந்தச் சபையைப் பற்றி. வேலை போனதை நம்மில் பலர் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, ஆராதனையில் உட்கார்ந்து, சிரித்துக் கைகுலுக்கிவிட்டுப் போகிறோம். வீட்டில் காப்பீடு நின்று 40 நாள் ஆகியிருக்கும், இன்னும் 20 நாள்தான் மிச்சமிருக்கும். அந்த 20 நாளுக்குள் ஒருவரிடம் வாய்திறந்து சொன்னால் வழி காட்ட ஆள் உண்டு. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கினவர்கள் நாலு பேர். அவன் வீட்டுக்குள்ளேயே மறைந்து படுத்திருந்தால் அந்த நாலு பேருக்கும் தெரிந்திருக்காது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் கார்டை எடுத்து, உச்சத் தொகை எவ்வளவு, காப்பீடு எந்தத் தேதி முடிகிறது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பிள்ளைகளே, அப்பா அம்மா மறந்துவிட்டால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். காப்பீடு இல்லாத வீடு என்றால், ஆராதனை முடிந்து என்னைப் பாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். விஷயம் நமக்குள் இருக்கும்.

கர்த்தர் நம் ஒவ்வொரு குடும்பத்தையும் சுகபெலத்தோடு காத்து நடத்துவாராக. ஆமென்.