நூற்றாண்டு நிதியும் ஒரு பயிற்சி அறையும்



2021 இல் சான் அன்ரோனியோ நகரில், அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்தாட்டச் சம்பியன் போட்டிக்கு 64 அணிகள் வந்திருந்தன. எடைப் பயிற்சிக்கு அவர்களுக்கு வைத்திருந்தது ஒரு சிறு தாங்கி டம்பெல் மட்டும். ஆண்களுக்கோ பெரிய கூடமே இருந்தது. இடம் போதாது என்றார்கள். ஒறிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் வெறுமையாய்க் கிடந்த இடத்தைக் காணொளியில் காட்டினார். சில நாட்களில் கருவிகள் வந்தன.

வைத்தியர்களாகிய நாங்கள் ஒன்று சொல்கிறோம். பாய்ந்து இறங்கும் விளையாட்டில் முழங்கால் சவ்வு கிழிவது பெண்பிள்ளைகளுக்கே அதிகம். முறையான தசைப்பயிற்சி அதைக் குறைக்கும். பேஜ் புக்கர்ஸ் 2022 இல் அப்படிக் காயப்பட்டு ஒரு பருவம் முழுவதும் ஆடவில்லை. 2025 இல்தான் சம்பியனானார்.

நூற்றாண்டு நிதியில் எங்கள் வலைப்பந்தாட்டப் பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பயிற்சி அறை தாருங்கள். மண்டபத்துக்கு அடுத்த வருடமும் வர்ணம் பூசலாம்.