ஆகர்ஷண சக்தியும் மின்சாரமும்



பூமி பொருள்களை இழுக்கும் ஆகர்ஷண சக்தியும், மின்சார காந்த சக்தியும் ஒன்றேயென்று கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் புஸ்தகம் போடுகிறார்கள். நான் பௌதிக பண்டிதனல்ல. ஆனாலும், "எந்தக் கருவியின் முள் எவ்வளவு அசையும்? அசையாவிட்டால் உமது கொள்கையை விட்டுவிடுவீரா?" என்று கேட்பதற்குப் பண்டிதனாயிருக்க வேண்டியதில்லையல்லவா?

அவ்வெண்ணம் பைத்தியக்காரத்தனமென்று நான் சொல்ல வரவில்லை. கொல்லன் மகனாய்ப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய மைக்கேல் பாரடே, 1831-ல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார். அப்படியானால் ஆகர்ஷணத்திற்கு மாத்திரம் ஏன் சம்பந்தமிருக்கக்கூடாதென்று 1849-ல் சோதிக்கத் துவங்கினார். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மண்டபத்தில், 36 அடி உயரத்திலிருந்து கம்பிச் சுருளை மெத்தைமேல் விழச்செய்து, அதில் மின்சாரம் ஓடுகிறதாவென்று பார்த்தார். முள் சிறிது அசையத்தான் செய்தது! வேறொருவராயிருந்தால் அன்றே தமுக்கடித்திருப்பார். பாரடேயோ காரணத்தைத் துருவினார். பூமியின் காந்தத்தினூடே கம்பிகள் அசைந்ததால் வந்த வினை அது. அதைத் தடுத்ததும் முள்ளும் நின்றுவிட்டது. "ஒன்றும் கிடைக்கவில்லை" என்பதையே 1850 நவம்பரில் ராயல் சொசைட்டியில் கட்டுரையாய் வாசித்தார். சம்பந்தம் உண்டென்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. ஆனாலும் ருஜு இல்லையென்பதை மறைக்கவில்லை.

ஏன் அகப்படவில்லை? தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கைத் தூக்குகிறதே, அப்போது இந்தப் பூமி முழுவதும் அக்காகிதத்தைக் கீழேதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு சொற்பம் ஆகர்ஷணம்! இரண்டு புரோட்டான்கள் மின்சாரத்தால் தள்ளிக்கொள்ளும் பலம், ஆகர்ஷணத்தால் இழுத்துக்கொள்ளும் பலத்தைப்போல், 1-க்குப் பின் 36 பூஜ்யம் போட்டால் வரும் மடங்கு.

1929-ல் ஐன்ஸ்டைன் இவ்விரண்டையும் இணைத்து ஒரு கொள்கை வெளியிட்டார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. ஆனால் பாலி முதலிய விஞ்ஞானிகள், "ஐன்ஸ்டைன் வாக்காயிற்றே" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, கடுமையாய்க் கண்டித்தார்கள். சில வருஷங்களில் அவரே அதைக் கைவிட்டு வேறு வழி தேடினார். 1955-ல் சாகும்வரை தேடினார், கிட்டவில்லை.

அணுவுக்குரிய குவாண்டம் விதிகளுக்கு ஆகர்ஷணமும் உட்பட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. இரண்டு நுண்ணிய துணுக்குகளை ஆகர்ஷணம் மாத்திரமே குவாண்டம் முறையில் பிணைக்குமாவென்று சோதிக்க, 2017-ல் இரு கூட்டத்தார் தனித்தனியே திட்டம் வெளியிட்டார்கள். இதுவரை எவரும் செய்து முடிக்கவில்லை. துணுக்குகளுக்கிடையே மின்சார இழுப்பு துளியும் குறுக்கிடாமல் தடுப்பது அதிலுள்ள பெருங் கஷ்டங்களில் ஒன்று. பாரடேயின் முள்ளை ஏய்த்ததும் இம்மாதிரித் தொல்லைதான்.