சாம்பலின் வயது: சுந்தா எரிமலைத் தொடரின் காலக் கணக்கு



நிலநூலைத் தமிழில் கற்பித்த ஓர் ஆசிரியரின் நினைவாக நடைபெறும் பொழிவு இது. அவருக்குச் செய்யும் மரியாதையாக, எளிதில் பிடிபடாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் தேதி குறித்து வைக்காத ஓர் எரிமலை வெடிப்பு எப்போது நடந்தது என்று எப்படி அறிகிறோம்?

அந்தமான் கடலின் பாரன் தீவிலிருந்து சுமத்திரா, ஜாவா, பாலி, லொம்போக், சும்பாவா என வில்லாக வளைந்து செல்லும் தீவுகளுக்கு அடியில் இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு சாய்ந்து அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துகிறது. பாறைக்குழம்பு பிறந்து மேலேறுகிறது. எரிமலைகள் ஏன் அங்கே உள்ளன என்பதற்கு இவ்வளவு போதும். எப்போது வெடித்தன என்பதில்தான் தொல்லை. வெப்பமண்டல மழை சாம்பலை அரித்துக் கடலுக்கு அனுப்பிவிடும். மிஞ்சியதைக் காடு மூடும். பாறை சிதைந்து களிமண்ணாகும்போது, வயது சொல்லக்கூடிய பொட்டாசியமும் கரைந்து போகும்.

என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஒரு முறையும் தனியாக நின்று இந்தத் தீவுகளின் காலவரிசையைத் தந்துவிடாது. வெவ்வேறு வகையில் பிழைபடக்கூடிய சான்றுகள் ஒரே காலத்தைச் சுட்டினால்தான் அதை நம்பலாம்.

இதற்கு லொம்போக் தீவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் துளையிட்டு எடுத்த பனி உருளைகளில் ஒரு புதிர் 1980களிலேயே தெரியவந்தது. 1258, 1259 வாக்கில் விழுந்த பனியில் கந்தக அமிலம் மிக அதிகமாக இருந்தது. 1815இல் வெடித்த தம்போரா விட்டுச்சென்றதையும் அது விஞ்சியது. இரு துருவங்களிலும் படிந்திருந்ததால், வெடித்த மலை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். எந்த மலை? மெக்சிகோவின் எல் சிச்சோனை ஐயுற்றார்கள், எக்குவடோரின் கிலோட்டோவாவை ஐயுற்றார்கள். எதுவும் பொருந்தவில்லை.

விடை 2013இல் வந்தது. ஃபிராங்க் லவீன் என்ற பிரெஞ்சு அறிஞரின் தலைமையில், இந்தோனேசிய அறிஞர்களும் இணைந்த குழு, ரிஞ்சானி மலையை ஒட்டியிருந்த சமாலாஸ் என்ற எரிமலையே அது என்று காட்டியது. அந்த மலை இன்று இல்லை. அது நின்ற இடத்தில் ஆறு கிலோமீட்டருக்கு எட்டரை கிலோமீட்டர் அகன்ற பெருங்குழியும், செகாரா அனாக் என்ற ஏரியும் உள்ளன.

அவர்கள் அந்த ஆண்டை நெருங்கிய விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தீக்குழம்புத் துகளும் வளிமமும் மலையிலிருந்து பாய்ந்தோடியபோது மரங்கள் கரியாகிப் புதைந்தன. அந்தக் கரியில் எஞ்சிய கார்பன்-14ஐ அளந்தார்கள். 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் பொருள் அது. ஆனால் பெருமரத்தின் நடுவயிரம் மரம் எரிவதற்கு நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வளர்ந்து முடிந்திருக்கும்; அந்தத் துண்டு கையில் கிடைத்தால் வெடிப்புக்கு வயது கூடிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வடகோளக் காற்றிலும் தென்கோளக் காற்றிலும் கார்பன்-14 சற்றே வேறுபடுகிறது, திருத்த அட்டவணைகளும் இரண்டு. பருவக்காற்று மாறி மாறி வீசும் தீவுக்கு எந்த அட்டவணை? ஆகவே கரி ஒரு காலப்பகுதியைத்தான் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. ஆண்டு பனியிலிருந்து வந்தது, ஆனால் பனிக்கு மலையின் பெயர் தெரியாது. துருவப் பனியில் கிடைத்த நுண்ணிய எரிமலைக் கண்ணாடித் துகள்களின் வேதியியல், சமாலாஸ் படிவின் கண்ணாடியோடு ஒத்துப்போனது. அங்கேதான் இரண்டும் இணைந்தன. சாம்பல் பெரும்பாலும் மேற்கே பாலியை நோக்கிப் பரவியிருந்தது. கீழைக்காற்று வீசும் வறண்ட பருவத்தில் வெடித்திருந்தால்தான் அப்படிப் பரவும். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 1257ஆம் ஆண்டு மே முதல் அக்டோபருக்குள் என்று வரையறுத்தார்கள்.

‘பாபட் லொம்போக்’ என்ற ஓலைச்சுவடியையும் அவர்கள் ஒதுக்கவில்லை. மலை சரிந்ததையும், பமத்தான் என்ற நகர் அழிந்ததையும், தப்பியவர்கள் குன்றுகளில் ஏறியதையும் அது சொல்கிறது. ஆண்டைத் துல்லியமாகச் சொல்லவில்லை. ஆனால் மலையையும் ஊரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நம்மிடமும் பனையோலையில் எத்தனையோ கிடக்கின்றன என்ற எண்ணம் இதைப் படிக்கும்போது எனக்கு எழாமல் இருந்ததில்லை.

பனியின் ஆண்டுக் கணக்கும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதன்று. 774, 775இல் விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சு மரவளையங்களிலும் பனியிலும் ஒருசேரத் தடம் பதித்திருக்கிறது. அதை வைத்து 2015இல் சரிபார்த்தபோது, கிறித்துவுக்குப் பிந்தைய முதல் ஆயிரமாண்டில் பனியின் கணக்கு ஏழு ஆண்டுகள் வரை பிசகியிருந்தது தெரிந்தது. 1809இல் பதிவான கந்தக உச்சத்துக்கோ இன்றுவரை மலை கிடைக்கவில்லை.

கார்பன்-14 ஐம்பதாயிரம் ஆண்டுகளோடு நின்றுவிடும். அதற்கு அப்பால், பாறையின் பொட்டாசியம்-40 ஆர்கானாக மாறும் வேகத்தை நம்ப வேண்டும். அதன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டு. சுமத்திராவின் தோபா எரிமலை வெடிப்பு இப்படித்தான் வயது பெற்றது. 2012இல் வெளியான ஆய்வு 73,880 ஆண்டு என்றது, கூடக்குறைய 320. மறு ஆண்டில் வேறொரு குழு 75,000 என்றது, கூடக்குறைய 900. இரு குழுவினரும் நேர்த்தியாக அளந்தவர்கள். இரண்டேமுக்கால் கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட வயதுடைய கொலராடோப் பாறை ஒன்று உலகெங்கும் இம்முறைக்கு முதன்மையான அளவுகோல். அந்த அளவுகோலின் வயதைச் சற்று மாற்றினால் தோபாவின் வயதும் மாறும்.

இந்த ஆயிரம் ஆண்டு வேறுபாடு நமக்கு அயலான செய்தியன்று. தோபாவின் சாம்பல் இந்தியாவெங்கும் விழுந்தது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் யார், அந்தப் பேரிடரை எப்படிக் கடந்தார்கள் என்ற வாதம் சாம்பலின் வயதையே பற்றிக்கொண்டு நிற்கிறது. மகாராட்டிரத்தின் போரியில் கிடைத்த சாம்பலுக்கோ, முறைக்கு முறை பல இலட்சம் ஆண்டுகள் விலகிய வயதுகள் வந்திருக்கின்றன. ஆற்றுப்படுகையில் பழைய கனிமத் துகள் கலந்துவிட்டால் ஆர்கான் ஏமாற்றிவிடும்.

பாரன் தீவுக்கு வருகிறேன். இந்தியாவில் இன்று உயிர்ப்புள்ள எரிமலை இது ஒன்றுதான். அதன் வெடிப்பைக் கப்பலோட்டிகள் பதிவுசெய்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1832க்குப் பின் அடங்கி, 1991இல் மீண்டும் எழுந்தது. அதன் கருங்கற்பாறையில் பொட்டாசியம் குறைவு, ஆகவே இளம்பாறைகளின் வயதை ஆர்கான் வழியே காண்பது கடினம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினரும் பிறரும் கடலை நாடினார்கள். தீவுக்குத் தென்கிழக்கே கடலடியிலிருந்து எடுத்த சேற்று உருளையில், ஏறத்தாழ 72,000 ஆண்டுக் காலத்தில் ஏழு சாம்பல் அடுக்குகள் இருந்தன. கார்பன்-14 எட்டும் காலம் வரை, சேற்றில் இருந்த ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய கடலுயிரிகளின் ஓடுகளைக் கொண்டு வயது கணித்தார்கள். கடல்நீரின் கார்பன் சில நூறு ஆண்டு பழையதாகவே இருக்கும் என்பதால் அதையும் கழிக்க வேண்டும்.

ஏழு என்பது அந்த ஓர் இடத்தில் அடுக்காகப் படியுமளவுக்குப் பெரிதாக எழுந்தவற்றின் எண்ணிக்கை. 1991க்குப் பின் நாம் பார்த்த சிறு வெடிப்புகள் அங்கே அடையாளமே விட்டிருக்காது. தீவின் வடக்கிலும் மேற்கிலும் இன்னும் உருளைகள் எடுத்தாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் எழுந்த சாம்பலும் வடகிழக்குப் பருவக்காற்றில் எழுந்த சாம்பலும் ஒரே திசைச் சேற்றில் விழுவதில்லை.