எஞ்சின் கிளம்பவில்லையா? டீசல் வரும் பாதையைப் பாருங்கள்

(வானொலி உரை)



பயிர் தண்ணீருக்கு ஏங்கி நிற்கிற நேரம் பார்த்துத்தான் ஆயில் எஞ்சின் மக்கர் பண்ணும். உழவுக்கு ஈரம் கூடி வந்த அன்றைக்குத்தான் டிராக்டர் கிளம்ப மாட்டேன் என்று நிற்கும். உடனே "பம்ப் போயிடுச்சு, கழட்டிக் கொடுங்க" என்று யாராவது சொல்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நீங்களே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2017 கோடையில் திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது இது. ஒரு பெரியவர் நிலக்கடலை போட்டிருந்தார். விழுது இறங்குகிற பருவம். அவருடைய 5 குதிரைசக்தி எஞ்சின் கிளம்பும், அரைமணி ஓடும், அப்புறம் மூச்சுத் திணறி நின்றுவிடும். உடனே கைப்பிடி போட்டுச் சுற்றினால் கிளம்பாது. கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றினால் கிளம்பும். டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, கழற்றி டவுனுக்கு அனுப்பினார்கள். நாலு நாள் தண்ணீர் இல்லை. பம்ப் திரும்பி வந்தது, செலவும் ஆனது, கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

நான் போனபோது நானும் முதலில் ஃபில்டரைத்தான் கழற்றினேன். அதில் ஒன்றும் இல்லை. பிறகு டாங்க் மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. தூசி விழக் கூடாதே என்று பெரியவர் மூடியின் மேல் சைக்கிள் ட்யூப் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். மூடியில் இருக்கும் சின்னத் துளை அடைபட்டுப் போச்சு. டீசல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டாமா? வர வழியில்லாததால் டீசல் இறங்குவது நின்றுவிட்டது. ட்யூபை அவிழ்த்ததும் எஞ்சின் பொழுது சாயும் வரை ஓடியது. ஆனால் அந்த நாலு நாளில் மேட்டுப் பாத்திகளில் மண் இறுகி, விழுது இறங்காமலே நின்றுவிட்டது. அந்த நஷ்டத்துக்கு மருந்து கிடையாது.

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் வண்டி மாதிரி பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நசுக்கும்போது அது 500 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் புகை மாதிரி தூவினால் தானே பற்றிக் கொள்ளும். அப்படித் தூவ, நாசிலில் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவுக்கு அழுத்தம் வேண்டும். லாரி டயரில் இருப்பது 7, 8 கிலோதான். டீசலை நசுக்க முடியாது; காற்றை நசுக்கலாம். அதனால் குழாயில் சிறிது காற்று புகுந்தாலும், பம்ப் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே தன் வேலையை முடித்துவிடும். நாசில் திறக்காது. இதைத்தான் நாம் 'ஏர் புடிச்சிருக்கு' என்கிறோம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் புகையைப் பாருங்கள். எஞ்சினைச் சுற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. நாசில் சொட்டுகிறது, அல்லது காற்று சரியாக நசுங்கவில்லை. ஓடும்போது கறுப்புப் புகை கக்கினால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சுமை அதிகமாக இருக்கலாம்.

புகை இல்லை என்றால், டாங்க்கிலிருந்து வரிசையாக வாருங்கள். டீசல் இருக்கிறதா? குழாய்த் திருகு திறந்திருக்கிறதா? எஞ்சினை நிறுத்தும் நெம்பு நிறுத்திய நிலையிலேயே மாட்டிக் கொண்டிருக்கிறதா? மூடித் துளை திறந்திருக்கிறதா? கேட்டால் சிரிப்பீர்கள். பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது கசடு தங்கும் கிண்ணம். அதில் தண்ணீர் இருந்தால் வடித்துவிடுங்கள். டிராக்டர், லாரி என்றால் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் எடுக்கும் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்ப்பின் கை நெம்பை அழுத்துங்கள். முதலில் நுரை நுரையாக வரும். குமிழி இல்லாமல் டீசல் தெளிவாக வந்ததும், அழுத்திக் கொண்டே திருகை இறுக்குங்கள். பிறகு இரண்டாம் ஃபில்டர், கடைசியாக டீசல் பம்ப்பில் உள்ள திருகு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

எவ்வளவு அழுத்தினாலும் நுரை நிற்கவில்லையா? எங்கேயோ காற்று இழுக்கிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பீட் பம்ப்புக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் டீசல் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். டாங்க் தாழ்வாக இருந்து, பம்ப்புக்கு முன்னால் ஓட்டை இருந்தால் ஒழுகாது. காற்றைத்தான் உள்ளே இழுக்கும். ராத்திரி நிறுத்தி வைத்தால் குழாயில் உள்ள டீசல் டாங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் கிளம்பாத வண்டிகள் பலவற்றுக்கும் இதுதான் காரணம். வெடித்த ரப்பர் குழாய், பழைய செம்பு வாசர், இவற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான டப்பாவில் டீசல் எடுத்து எஞ்சினுக்கு மேலே உயரத்தில் வையுங்கள். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயால் அதை பீட் பம்ப்பின் உள்வாயில் இணைத்து, காற்றை எடுத்துவிட்டுக் கிளப்புங்கள். எஞ்சின் சீராக ஓடினால் கோளாறு டாங்க்குக்கும் பீட் பம்ப்புக்கும் நடுவில்தான். பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது.

டீசல் பம்ப் வரை தெளிவாக வருகிறது, அதற்கு மேல் நாசிலுக்கு வரவில்லை என்றால் அது பம்ப் கோளாறு. காலையில் கிளம்பி, சூடானபின் நிறுத்தினால் மறுபடி கிளம்பாத வண்டிக்கும் பம்ப் தேய்மானம் ஒரு காரணம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடுக்கு வழியே நழுவிவிடுகிறது. இதை நீங்கள் பிரிக்காதீர்கள். சோதனை மேஜை வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. நாசில் தூவுவதைப் பார்க்கிறேன் என்று அதன் எதிரில் கையை நீட்டவே நீட்டாதீர்கள். அந்த வேகத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிக் கொண்டு உட்காராமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "டீசல் உள்ளே பாய்ந்துவிட்டது" என்று சொல்லுங்கள். புது ரக லாரிகளிலும் சில புது டிராக்டர்களிலும் காமன் ரெயில் என்ற முறை இருக்கிறது. அதில் அழுத்தம் ஆயிரம் கிலோவையும் தாண்டும். அந்த வண்டிகளில் அழுத்தக் குழாயில் ஸ்பேனரே வைக்கக் கூடாது.

வருமுன் காப்பதற்கும் சில வார்த்தை. டீசல் டிரம்மை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் இருப்பதை விட்டுவிட்டு மேலே இருப்பதை எடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரத்தில் டீசலைச் சேமிக்காதீர்கள். சாயங்காலமே டாங்க்கை நிரப்பிவிட்டால் ராத்திரிக் குளிரில் உள்ளே நீர் கோக்காது. மண்ணெண்ணெய் கலக்காதீர்கள், பம்ப்புக்கு வழவழப்பைத் தருவதே டீசல்தான். ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன மணிக்கணக்குப்படி மாற்றுங்கள்.

நாலு புது செம்பு வாசர், ஒரு ஃபில்டர், ஒரு முழம் ரப்பர் குழாய். இவற்றை மோட்டார் கொட்டகையில் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எஞ்சின் நிற்கிற அன்றைக்கு, பயிருக்குப் போக வேண்டிய தண்ணீர் தவறாமல் போகும்.