ஓய்வு கேட்டுப் போராடிய ஊர்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் தூத்துக்குடி அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓய்வு என்று சொன்னாலே நம் கூட்டங்களில் பணி ஓய்வைத்தான் நினைப்பார்கள். அதற்கு எனக்கு இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருக்கின்றன. வேலைக்கு நடுவே எடுக்க வேண்டிய ஓய்வைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1908 பிப்ரவரி 27 அன்று இதே தூத்துக்குடியில் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். சமூக அறிவியல் வகுப்பில் இதை நடத்தும்போது, கூலி உயர்வு கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு நாம் வேகமாகச் சுதேசிக் கப்பலுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் வார விடுமுறையும் கேட்டார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வயிற்றுக்கே போதாத கூலி வாங்குகிறவர், வாரத்தில் ஒரு நாள் என்னுடையது என்று கேட்பதற்குத் தனித் துணிவு வேண்டும். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அடுத்த சில நாளில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். நாம் இன்று சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே ஓய்வை வேலைக்குள்ளேயே வைத்திருந்தவர்கள் நம் முத்துக்குளிகாரர்கள். நள்ளிரவில் கரைக்காற்றில் படகுகள் கிளம்பும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகலில் சைகை வந்தால் நிறுத்திவிட்டு, கடற்காற்றில் கரை திரும்புவார்கள். ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மேலே வருவார். சில முறை மூழ்கியதும் கல் மற்றவர் கைக்குப் போகும். முதலாமவர் மூச்சு வாங்குவார். கல் ஓயாது, ஆள் ஓய்வார். கயிறு பிடிப்பவர் மச்சானாகத்தான் இருப்பார், தங்கையின் தாலியை நினைத்துக் கயிற்றை விடமாட்டார் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரைப் பார்த்து, சும்மா இருக்கிறாயே என்று அந்தப் படகில் யாரும் கேட்டிருக்க முடியாது.

முத்துப்பார்களுக்கும் ஓய்வு உண்டு. சிப்பி முதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் குளிப்பை அறிவிப்பார்கள். முதிரவில்லை என்றால் எத்தனை ஆண்டானாலும் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே கடைசியாக 1961-இல் குளித்தார்கள்.

இனி நம் பள்ளிக்கு வருகிறேன். நம் கால அட்டவணையிலும் ஓய்வுப் பாடவேளை இருக்கிறது. அது காகிதத்தில்தான். வராத ஆசிரியரின் வகுப்பு, எமிஸ் பதிவு, அவசரமாகக் கேட்ட புள்ளிவிவரம் என்று அது போய்விடுகிறது. இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் 'நாளை காலை பத்து மணிக்குள்' என்று ஒரு செய்தி வரும். அனுப்பியவருக்கும் மேலே இருந்து வந்ததுதான், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மறுநாள் பாடத்தைப் பற்றி மனம் யோசிக்காது, படிவத்தைத்தான் யோசிக்கும்.

புதிதாகக் கற்பியுங்கள், படைப்பாற்றலோடு கற்பியுங்கள் என்று பயிற்சிகளில் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் புதிய யோசனை உட்கார்ந்து வரவழைத்தால் வருவதில்லை. ஒரு சனிக்கிழமை மாலை வேறு வேலை எதுவும் இல்லாமல் திரேஸ்புரத்தில் மீன் ஏலம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பது ஐம்பதாக விலை ஏறியது. முடிந்ததும் தரகைக் கழித்துப் பணம் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்புச் சதவீதக் கணக்கு அங்கே கிடைத்தது. திங்களன்று வகுப்பில் ஏலம் விட்டோம். ஐந்து சதவீதத் தரகை மனக்கணக்காகச் சொன்னவன், அதுவரை கரும்பலகைப் பக்கமே வராத மீனவர் வீட்டுப் பையன். அந்தச் சனிக்கிழமை நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பையனின் கணக்கு எனக்குத் தெரிந்தே இருக்காது.

பிள்ளைகளின் ஓய்வையும் சொல்ல வேண்டும். உப்பளத்துக்குப் போகும் தாய்மார்கள் வெயிலுக்கு முன் வேலையை முடிக்க இருட்டோடு கிளம்புகிறார்கள். அந்த வீட்டில் மூத்த பெண் பிள்ளையும் அப்போதே எழுந்து, தம்பியைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். முதல் பாடவேளையில் அவள் தலை சாய்ந்தால் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். எழுப்பி நிற்க வைத்தால் அன்று முழுவதும் எதுவும் ஏறாது. பிறகு அந்தப் பத்து நிமிடப் பாடத்தைத் தோழியைக்கொண்டு சொல்லிக்கொடுக்கலாம்.

தலைமையாசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒவ்வோர் ஆசிரியருக்கும் வாரத்தில் ஒரு பாடவேளையைத் தொடாமல் விடுங்கள். அதில் அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாலும் கேட்க வேண்டாம். இரவு ஏழு மணிக்கு மேல் வரும் செய்தி, உயிர் போகும் அவசரம் இல்லை என்றால், காலையில் குழுவுக்கு வரட்டும்.

உங்கள் பள்ளிக் கால அட்டவணைகளைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். தேநீருக்குப் பிறகு பள்ளிவாரியாக உட்காருவோம். எந்தப் பாடவேளையை விட முடியும், அந்த நேரத்தில் வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது கடினம் என்று எனக்குத் தெரியும். அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.