சிலை போனது, சீடர்கள் நின்றார்கள்



சிற்பம் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? கல்லும் உளியும், நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கும் கோயில் சிலைகளும்தான். ஆனால், நான் இன்று பேசப்போகும் பெண் சிற்பியின் மிகப் பெரிய படைப்பு இரண்டு ஆண்டுகள்கூட நிற்கவில்லை. அப்படியிருந்தும் அவரை முன்னோடி என்கிறது உலகம். அவர் பெயர் அகஸ்டா சாவேஜ். அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி.

1892-ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் 14 பிள்ளைகள். செங்கல் செய்யும் களிமண் நிறைந்த ஊர் அது. அந்த மண்ணில் வாத்தும் கோழியும் செய்து விளையாடினாள் சிறுமி. தகப்பனாரோ கிறிஸ்துவ சமயப் போதகர். உருவம் செய்வது பாவம் என்று நம்பியவர். அடி விழுந்தது. தனக்குள் இருந்த கலை முழுவதையும் அப்பா ஏறக்குறைய அடித்தே விரட்டிவிட்டார் என்று பின்னாளில் அகஸ்டா சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, மகள் கையால் உருவான மரியன்னையின் சிலையைப் பார்த்த பிறகுதான் அந்தத் தகப்பனாரின் மனம் இளகியது.

1921-இல் நியூயார்க் வந்தார். கையில் இருந்தது 4 டாலர் 60 காசு. கூப்பர் யூனியன் கலைப்பள்ளியில் நான்கு ஆண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தார். திறமை இருந்தது, உழைப்பு இருந்தது. கதவு திறந்ததா? இல்லை!

1923-இல் பிரான்சு நாட்டின் ஃபோந்தேன்புளோ கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். அவர் கறுப்பினத்தவர் என்பதற்காகவே அமெரிக்கத் தேர்வுக் குழு மறுத்துவிட்டது. உடன் செல்லும் வெள்ளை மாணவிகளுக்குச் சங்கடமாக இருக்குமாம்! அகஸ்டா அழுதுவிட்டு ஒதுங்கவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினார், ஊரறியச் செய்தார். தீர்ப்பு மாறவில்லை. ஆனால், அந்தக் காலத்தில் ஓர் இளம் கறுப்பினப் பெண் இப்படி வெளிப்படையாகக் கேள்வி கேட்டது சாதாரணச் செய்தியன்று.

இரண்டு ஆண்டுகளில் ரோம் நகரில் படிக்க வாய்ப்பு வந்தது. கல்விக் கட்டணம் இலவசம். ஆனால், பயணத்துக்கும் அங்கே தங்குவதற்கும் பணமில்லை. சலவைக் கூடத்தில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கியவர் கப்பல் கட்டணத்துக்கு எங்கே போவார்?

1929-ஆம் ஆண்டு வாக்கில் அவர் வடித்த 'காமின்' என்ற சிலைதான் பாதையைத் திருப்பியது. தெருச் சிறுவன் என்று பொருள். தொப்பி அணிந்த ஒரு கறுப்பினப் பையனின் மார்பளவு உருவம், அவ்வளவுதான். கறுப்பினத்தவரைக் கேலிச்சித்திரமாக மட்டுமே பார்த்துப் பழகிய நாட்டில், இந்தச் சிறுவனின் முகத்தில் குறும்பும் இருந்தது, கவலையும் இருந்தது, மரியாதையும் இருந்தது. அதற்குக் கிடைத்த ரோசன்வால்ட் உதவித்தொகையில் பாரிஸ் சென்று பயின்றார்.

நாடு திரும்பியபோது அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்தது. சிலை வாங்க ஆளில்லை. 1932-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கலைக்கூடம் தொடங்கிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1937-இல் ஹார்லெம் சமூகக் கலை மையத்தின் முதல் இயக்குநரானார்.

அங்கு உருவான மாணவர்களில் ஒருவர் ஜேக்கப் லாரன்ஸ். அரசாங்கத்தின் ஓவியர் வேலைத் திட்டத்தில் சேர்க்க அவரை அகஸ்டா அழைத்துச் சென்றார். வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். லாரன்ஸ் அதை மறந்தே போனார். ஆசிரியை மறக்கவில்லை! 21 வயது ஆனதும் மறுபடியும் கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டார். வாரம் 23 டாலர் 86 காசு சம்பளம். அந்த லாரன்ஸ்தான் 1941-இல் கறுப்பின மக்களின் இடப்பெயர்வை 60 ஓவியங்களாகத் தீட்டிப் புகழ்பெற்றார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெரிய படைப்புக்கு வருகிறேன். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக 'யாழ்' என்று பொருள்படும் 'தி ஹார்ப்' சிலையைச் செய்தார். 16 அடி உயரம். பாடி நிற்கும் 12 கறுப்பின இளையர்களே யாழின் நரம்புகள். அவர்களைத் தாங்குவது இறைவனின் கை. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஆனால், அது பிளாஸ்டரில் செய்த சிலை. வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை, எடுத்துச் சென்று பாதுகாக்கவும் வழியில்லை. 1940-இல் கண்காட்சி முடிந்ததும் இடித்துத் தள்ளப்பட்டது. சிலைக்காக விடுப்பில் சென்றிருந்த அவருக்குக் கலை மையத்தின் பதவியும் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு சாகர்ட்டீஸ் என்ற கிராமப்புறத்துக்குக் குடிபெயர்ந்தார். 1962-இல் மறைந்தபோது பெரும்பாலோர் அவரை மறந்திருந்தனர்.

அன்பர்களே, தம் மாணவர்களின் படைப்புகளே தமக்கு நினைவுச்சின்னம் என்று அகஸ்டா சொன்னதுண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. உண்மையும்கூட. ஆனால், அதைத் தியாகம் என்று புகழ்ந்து கைதட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடக் கூடாது. சீடர்கள் வென்றார்கள் என்பதால் சிலை உடைந்த இழப்பு ஈடாகிவிடாது. ஒரு சமூகம் தன் கலைஞர்களைப் பார்த்து வியந்தால் மட்டும் போதாது. வெண்கலத்துக்கான செலவையும் யாராவது ஏற்க வேண்டும். என் துறையிலும் இதைப் பார்க்கிறேன். ஒளிபரப்பான மறுநாள் பாராட்டு வரும். ஒளிப்பதிவு எங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

நம் சமூகத்திலும் நடன ஆசிரியைகள், ஓவியர்கள், நாடகக் கலைஞர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். அவர்களின் படைப்பைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோமா? பதிவு செய்து வைத்திருக்கிறோமா? பெற்றோர்களே, பாடப்புத்தகத்தின் ஓரத்தில் படம் வரைந்த பிள்ளையை அடுத்த முறை அதட்டும் முன், அந்தப் படத்தை ஒரு நிமிடம் பாருங்கள்.

2018-இல் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் அகஸ்டாவுக்காகப் பெரிய கண்காட்சி நடந்தது. மறுஆண்டு அது நியூயார்க்கிலும் இடம்பெற்றது. அவர் மறைந்து 56 ஆண்டுகளுக்குப் பிறகு! நம் கலைஞர்களை நாம் அவ்வளவு காலம் காக்க வைக்க வேண்டாம்.