மனோக்ஷேமமும் கிராமக் கலைகளும்

(அடுக்கம் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கான பிரசங்கம்)



கிராமப் புனருத்தாரணம் என்றவுடன் கடன், விதை, உரம், கிணறு, பாதை ஆகியவற்றைப் பற்றிய பேச்சென்றே பலரும் எண்ணுகின்றனர். இவை யாவும் அவசியமே. ஆயினும் இவற்றையெல்லாம் எடுத்து நடத்துவது மனிதனுடைய மனம். மனம் சோர்ந்த குடியானவனுக்குக் குறைந்த வட்டிக் கடனும் பாரமாகும். நல்ல விதையும் மூட்டையிலேயே கிடக்கும். ஆகவே மனத்தின் க்ஷேமத்தைப் பற்றியும், அதற்குக் கிராமக் கலைகள் செய்யும் உதவியைப் பற்றியும் சங்கத்தினர் யோசித்தல் உசிதமாகும்.

இது புதிய விஷயமன்று. 1948-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்பட்டபோதே, நோயில்லாமை மட்டும் சுகமாகாது, உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நன்றாயிருப்பதே சுகம் என்று வகுத்துக்கொண்டது. அதற்கு முன்னரே, 1920-களில், திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய கிராமப் புனருத்தாரண நிலையத்தில், ஆத்மா, மனம், உடல், பொருள், சமூகம் என்னும் ஐந்தையும் ஒருங்கே கவனிக்க வேண்டும் என்று வைத்திருந்தனர். தேனையும் முட்டையையும் கூட்டாக விற்கப் பழக்கிய அதே நிலையம் கிராமத்தாரைக் கொண்டு நாடகங்களும் நடத்திற்று.

அடுக்கம் போன்ற மலைக்கிராமங்களின் கஷ்டம் சமவெளியாருக்கு எளிதில் விளங்காது. அடைமழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும். காட்டெருமை ஓரிரவில் தோட்டத்தை மிதித்துவிடும். காப்பி, மிளகின் விலையோ எங்கோ நிர்ணயமாகிறது. பழனி மலைச் சரிவுகளில் பேர்பெற்ற மலைவாழைத் தோட்டங்களின் பெரும்பகுதி 1970-களில் முடிக்கொத்து நோயால் அழிந்ததைப் பெரியவர்கள் அறிவர். வாழையில் அந்நோய் கண்டால் குருத்து குறுகிக் கொத்தாகிவிடும். வழிப்போக்கனும் கண்டு சொல்லிவிடுவான். மனிதன் மனத்தில் வரும் நோய்க்கு அவ்வளவு தெளிவான அடையாளம் இல்லை. தூக்கமின்மை, காரணமற்ற கோபம், தோட்ட வேலையில் பற்றின்மை, பலரோடு கூடாமல் ஒதுங்குதல், மிதமிஞ்சிய குடி ஆகிய இவைகளே அதன் அறிகுறிகள். ஊரார் இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் பேசி ஒதுக்கிவிடுகின்றனர். ஒதுக்கப்பட்டவனுக்கு நோய் இன்னும் முற்றுகிறது.

தனிமையே இந்நோய்க்கு உரம் போன்றது. அத்தனிமையை உடைப்பதில் கலைகளுக்குள்ள சக்தி பெரிது. ஒயிலாட்டத்தில் இருபது பேர் ஒரே அடியெடுத்து ஆடுகையில் உடல் உழைக்கிறது, மூச்சு சீராகிறது, கவலையில் சுழன்ற எண்ணம் தாளத்தில் நிலைக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒருவன் வராவிடில் வரிசையில் ஓரிடம் காலியாகத் தெரியும். அவனைத் தேடி ஆள் போகும். முளைப்பாரி வளர்க்கும் நாட்களில் பெண்கள் இரவுதோறும் கூடிக் கும்மியடிப்பதிலும் இந்த நன்மையே உள்ளது. வீட்டில் வாய் திறவாத மருமகள் அங்கே தன் வயதினரோடு பேசுகிறாள். ஒப்பாரியோ துக்கத்தை அடக்கி வைக்காமல், பலர் நடுவே, சொல்லாகவும் ராகமாகவும் வெளியிட வழி தருகிறது. இதைப் பழம் பழக்கம் என்று நகைப்பது தகாது.

இவை வெறும் அபிப்பிராயமல்ல. 2019-ஆம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐரோப்பியக் கிளை, 3000-க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டி, நோய் வராமல் தடுப்பதிலும் வந்த நோயைச் சமாளிப்பதிலும் கலைகள் உதவுகின்றன என்று அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்தில் பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வுற்ற 134 தாய்மார்களைக் கொண்டு செய்த சோதனையின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. குழந்தைகளோடு கூடிப் பத்து வாரம் பாடிய தாய்மாரில், சோர்வு அதிகமாயிருந்தவர்கள் மற்றவரைக் காட்டிலும் விரைவில் தேறினர். தமிழ்நாட்டில் தாலாட்டறியாத பாட்டிமார் அரிது. குழந்தை உறங்குவதற்கென்று எண்ணிய பாட்டு தாயின் மனத்தையும் ஆற்றக்கூடியது என்பதை இச்சோதனை காட்டுகிறது. ஈழத்து மட்டக்களப்பில், யுத்தத்தால் கலங்கிய குழந்தைகளுக்காக 1996-இல் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா என்ற ஒன்றை ஏற்படுத்தி, கதை, சித்திரம், நாடகம் ஆகியவற்றால் அவர்களுடைய பயத்தைத் தணிக்க முயன்றனர்.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியும் கவனிக்கத்தக்கது. வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் கிராமத்திலுள்ள முத்துசாமி கோயிலுக்குக் கடும் மனோவியாதியுடையோரைக் குடும்பத்தார் அழைத்துவந்து தங்குவது வழக்கம். பெங்களூரிலிருந்து மனோவைத்திய நிபுணர்கள் 2000-ஆம் வருஷத்தில் அங்கே சென்று, தங்கியிருந்த 31 பேரைப் பரிசோதித்தனர். தனிச் சடங்கு, கட்டணம் ஒன்றுமில்லை. காலைப் பூஜையில் கலந்துகொள்வதும், கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு வேலைகளைச் செய்வதுமே அவர்களுடைய நாள். சில வாரங்களில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆதரவும் ஆறுதலும் தந்த, அச்சுறுத்தாத சூழல் செய்த நன்மை இது என்பதே அந்நிபுணர்களின் கருத்து.

ஆனால் இதன் மறுபுறத்தையும் மறைக்கலாகாது. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையொன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாமல் மாண்டனர். அவர்களையும் உறவினர் நம்பிக்கையோடுதான் கொண்டுபோய் விட்டிருந்தனர். முத்துசாமி கோயிலில் நோயாளி பத்துப் பேரில் ஒருவனாக இருந்தான்; ஏர்வாடிக் கொட்டகையில் தூணோடு தூணாக இருந்தான். வித்தியாசம் அதுவே. மனநோயாளியைச் சங்கிலியிடுவது 2017-ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அங்கத்தினர் யாவரும் அறிந்திருக்க வேண்டும்.

பாட்டும் கூத்தும் வைத்தியருக்குப் பதிலாகா என்பதும் நினைவிலிருக்கட்டும். இல்லாத குரல் கேட்கிறது என்பவனையும், உயிரை மாய்த்துக்கொள்வேன் என்பவனையும் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் எந்த நேரத்திலும் கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கும். இந்த ஏற்பாடு 2022-இல் தொடங்கியது. கடன் தொல்லையால் வாடுகிறவனுக்கு முதலில் வேண்டியது தவணை மாற்றமே அன்றிப் பஜனையல்ல. அவன் மனம் விட்டுப் பேசுமுன் கடன் நோட்டீஸ் மட்டும் போய்ச் சேருமாயின், சங்கம் தன் கடமையில் பாதியைச் செய்யவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இனி, சங்கத்தினர் செய்யக்கூடியவை சில:

முதலாவது, வாரத்தில் ஒரு மாலை ஊராரே பாடவும் ஆடவும் கதை சொல்லவும் ஓர் இடம் ஏற்படுத்துக. வெளியூர்க் கச்சேரிக்காரருக்குப் பெருந்தொகை கொடுத்து, ஊரார் வேடிக்கை பார்த்திருப்பதால் பயன் சிறிது, கடனோ பெரிது. கலையினால் வரும் நன்மை பெரும்பாலும் அதில் கைகலந்தவனுக்கே உரியது. ஒரு பறையும், ஒரு ஜோடி ஜால்ராவும், ஒரு விளக்கும் ஆரம்பத்திற்குப் போதும். உபவிதிகள் இடங்கொடுக்குமாயின் பொது நல நிதியிலிருந்தே இவற்றை வாங்கலாம்.

இரண்டாவது, அவ்விடத்தில் ஜாதி வித்தியாசம் பாராட்டலாகாது. சிலர் உள்ளேயும் சிலர் வெளியேயும் நிற்கும் பஜனை, உள்ளிருப்பவனுக்குக் கர்வத்தையும் வெளியிலிருப்பவனுக்குப் புண்ணையுமே தரும். மலையின் பூர்வ குடிகளான பளியரிடமிருந்து கற்பதற்கும் நிறைய உண்டு. 1962 முதல் அச்சமூகத்தாரை ஆராய்ந்த பீட்டர் கார்டனர் என்னும் அமெரிக்கர், சண்டை மூளும்போது விலகிச் செல்வதையே அவர்கள் நல்லொழுக்கமாகக் கொண்டிருப்பதை விரிவாக எழுதியுள்ளார். அவர்களை வேடிக்கைப் பொருளாக மேடையேற்றாமல், சமமான விருந்தினராக அழைத்தல் முறை.

மூன்றாவது, பெண்களுக்குத் தனி நேரமும், அந்நேரத்தில் வீட்டு வேலையிலிருந்து விடுதலையும் வேண்டும். இதற்குச் செலவில்லை, ஆண்கள் ஒரு வேளை அடுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும்.

நான்காவது, இரண்டு வாரம் தொடர்ந்து வராதவரை விசாரிக்க இரு அங்கத்தினரை நியமிக்க. கடன் பாக்கிப் பட்டியலைச் சங்கம் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறதோ, அவ்வளவு கவனமாக இப்பட்டியலையும் பார்க்க வேண்டும். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "ஏன் அண்ணே, நாலு நாளாகக் காணோம்?" இதைக் கேட்கப் படிப்பு வேண்டாம், பணமும் வேண்டாம்.

ஒருவருடைய கஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்து தாங்குவதே கூட்டுறவின் தத்துவம். பணத்தில் அதைப் பழகிய கிராமத்தார் மனத்திலும் பழகுவாராயின், மழையும் விலையும் எப்படியிருப்பினும், அடுக்கத்தில் தனியாகக் கிடந்து வாடுகிறவர் இரார்.